ரொட்டி வண்டிக்குப் புது ஸ்டார்ட்டர்

மத்தியானம் இரண்டே முக்கால் மணி. ராத்திரி இல்லை... மத்தியானம்.

ஊரை விட்டு வெளியே போகிற ஒரு சரிவான தெரு. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகளின் நீளச் சுவர். மறுபக்கம் நாலே நாலு வீடு. வேலைக்குப் போனவர்கள் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வெயில் மட்டும் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்க," என்றார் ஆப்பரேட்டர். "பேய்க் கதைன்னு சொல்லிட்டு உச்சி வெயில்ல ஆரம்பிக்கிறீங்க. பேய்க்கு வேர்க்காதா?"

"யோவ், அவர் சொல்லட்டும்யா," என்றாள் குளோரின் அக்கா. தண்ணீரில் மருந்து கலப்பது அவள் வேலை என்பதால் அந்தப் பெயர். "யாருக்கு வேர்க்குதுன்னு கடைசியில பார்த்துக்கலாம்."

கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நீரேற்று நிலையத்தின் மோட்டார் அறையில் நாலு பேர் பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஆப்பரேட்டர், அக்கா, காவல்காரர், எலக்ட்ரீஷியன் நான். நடுவில் ஒரு டார்ச்சை நிமிர்த்தி வைத்திருந்தோம். நாலு பம்புகளும் நின்றுபோன அந்த அறை எப்படி இருக்கும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எப்போதும் இரைகிற இடம் சும்மா இருந்தால் காது தானாகவே எதையாவது தேட ஆரம்பித்துவிடும்.

நான் தொடர்ந்தேன்.

இது எனக்கு நடந்தது இல்லை. என் நண்பன் ஒரு வெல்டர். அவனுடைய தங்கையைக் கட்டிக் கொடுத்த வீட்டில் நடந்தது. பாதிக் கதையை அந்த வீட்டுச் சின்னவன் வெல்டரிடம் சொன்னான். மீதியைத் தங்கை சொன்னாள். இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவர்கள் வெல்டரும் நானும்தான். இனி நீங்களும்.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவர் ரொட்டி வண்டி ஓட்டினார். விடியற்காலை மூன்றரைக்கு ரொட்டிக் கம்பெனிக்குப் போய்த் தட்டுகளை ஏற்றி, கடை கடையாக இறக்கிவிட்டு எட்டு மணிக்கு வீடு திரும்புவார். சின்னவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கல்யாணம் ஆகவில்லை. வெல்டரின் தங்கை மூத்தவரின் மனைவி, சின்னவனுக்கு அண்ணி. மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

வண்டி பழைய வேன். அதன் ஹேண்ட்பிரேக் செத்து வருஷக்கணக்காகிறது. அதனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வாசல் சரிவில் தெருவைப் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். முதல் கியரில் போடுவார்கள். முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு கருங்கல். கியர் பாதி பிடிக்கும், கல் பாதி பிடிக்கும். ஹேண்ட்பிரேக்கைச் சரிசெய்யலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டு வைக்கிற விஷயம் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்குமே, அது போல.

இப்போது ஸ்டார்ட்டர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும்.

"ஆரம்பிச்சிட்டார்," என்றார் ஆப்பரேட்டர். "இவர் பேயையே கழட்டிக் காட்டிட்டுத்தான் விடுவார்."

எஞ்சின் தானாக எழுந்திருக்காது. யாராவது முதலில் சுற்றிவிட வேண்டும். அதைச் செய்வது ஒரு சின்ன மின்மோட்டார். சுரைக்காய் அளவு இருக்கும், ஆனால் தூக்கினால் கை இறங்கும். எஞ்சினின் அடிப்பக்கத்தில், கை எட்டாத ஒரு மூலையில் இரண்டு போல்ட்டில் மாட்டியிருக்கும். அதன் முதுகில் இன்னொரு குட்டி உருளை. அதற்கு சொலினாய்டு என்று பெயர். சாவியைத் திருப்பினால் ஒரு மெல்லிய வயர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் அந்தக் குட்டிக்குப் போகும். அது காந்தமாகி உள்ளே இருக்கும் தண்டை இழுக்கும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த ஒரே இழுப்பில் இரண்டு வேலை நடக்கும். ஒரு சின்னப் பல்சக்கரம் முன்னால் வந்து எஞ்சினின் பெரிய சக்கரத்துப் பற்களைக் கவ்வும். அதே நேரத்தில் பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரின் கரண்ட் முழுக்க மோட்டாருக்குள் பாயும். எஞ்சின் சுற்றும், பிடித்துக்கொள்ளும். உடனே சின்னச் சக்கரம் பின்வாங்கி ஒதுங்கிவிடும். வேலை முடிந்ததும் அங்கே நிற்காது. அவ்வளவு நாகரிகம் தெரிந்த பொருள் அது.

ஆனால் பழசாகிப்போனால் சாவியைத் திருப்பினாலும் சில நாள் கேட்காது. அப்போது ஓட்டுநர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு அடியில் படுத்து, அந்தக் குட்டி உருளையின் இரண்டு முனைகளையும் நீளமான ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொடுவார்கள். பொறி பறக்கும். மோட்டார் சுற்றும். சாவியே தேவையில்லை. எஞ்சின் கிளம்பிவிடும்.

இதில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். வண்டி கியரில் இருக்கக் கூடாது. இருந்தால், சுற்றுவது எஞ்சின் மட்டும் இல்லை. சக்கரமும்தான்.

 காவல்காரர் தன் கால்களை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு விடியற்காலையில் வண்டி கிளம்பவில்லை. மூத்தவர் தான் படுக்க வேண்டிய பக்கத்துக் கல்லை மட்டும் நகர்த்திவிட்டு, ஸ்க்ரூடிரைவரோடு முன்சக்கரத்தருகே கீழே நுழைந்தார். அந்த வேனில் மோட்டார் இருக்கும் இடத்தை எட்டச் சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே படுத்துத்தான் ஆகவேண்டும். சின்னவன் தூக்கக் கலக்கத்தோடு கொட்டாவி விட்டுக்கொண்டு கதவருகே நின்றிருந்தான்.

"டேய், நியூட்ரல்ல இருக்கா பாரு."

"இருக்குண்ணா."

அவன் பார்க்கவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கை போர்வைக்குள் இருந்தது. பார்த்துவிட்டுச் சொல்வதும் பார்க்காமல் சொல்வதும் ஒரே அளவு வார்த்தைதானே.

பொறி தெறித்தது. வண்டி மறுபக்கத்துக் கல்லையும் தாண்டி ஆறடி முன்னால் போய் நின்றது.

"ஐயோ," என்றாள் அக்கா, மெதுவாக.

சத்தம் கேட்டு அண்ணி ஓடி வந்தபோது சின்னவன் வீட்டுக்குள்ளிருந்து வந்தான். ஆம், உள்ளே ஓடிப்போய்த் திரும்பி வந்திருக்கிறான். "நான் தூங்கிட்டு இருந்தேன் அண்ணி, சத்தம் கேட்டுத்தான் வந்தேன்," என்றான். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. எல்லாரும் நம்பினார்கள். ஆள் தனியாக இருந்திருக்கிறார், கியரைப் பார்க்கவில்லை, போய்விட்டார். அவ்வளவுதான்.

அண்ணி அழுததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். செத்துப்போன மனுஷன் மேல்தான் கோபம். "கேஸ் அடுப்பை அணைச்சிட்டு மூணு தடவை திருகிப் பார்ப்பாரு. எனக்கு ரோடு தாண்டக் கத்துக் குடுத்தவரு. தன் உயிருக்கு மட்டும் ஒரு கியரைப் பார்க்கத் தோணலையே!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். அவர் சட்டைகளை மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் எறிந்தாள். அவள் ஒவ்வொரு தடவை அவரைத் திட்டும்போதும் சின்னவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று எட்டு மாதம். ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் கஷ்டமாகிக்கொண்டு போனது.

பிறகு அண்ணி ஒரு முடிவுக்கு வந்தாள். கணவர் ரொட்டி இறக்கிய வழியில் இனி தானே வண்டி ஓட்டட்டுமா என்று ரொட்டிக் கம்பெனியில் போய்க் கேட்டாள். அவர்களும் சரி என்றார்கள். நாளை விடியற்காலை வண்டி வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள்.

அந்த நாளைக்கு முந்தின மத்தியானம்தான் நான் சொன்ன இரண்டே முக்கால் மணி.

பழைய ஸ்டார்ட்டரைச் சின்னவன் காலையிலேயே கழற்றிவிட்டான். அவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தான் என்பதைக் கேளுங்கள். முதல் வேலையாக பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றினான். அதன் முனையில் துணி சுற்றி, கீழே படுத்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரித் தொங்கவிட்டான். வண்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விநாடி எட்டிப் பார்க்காதவன் இப்போது எல்லாவற்றையும் நாலு தடவை பார்த்தான்.

அடுத்ததாக ஒரு சோதனை. கெட்டுப்போன ஸ்டார்ட்டர் சும்மா இருக்காது. எஞ்சினின் பெரிய சக்கரத்துப் பற்களைக் கடித்துக் குதறி வைத்திருக்கும். புதியதை மாட்டுவதற்கு முன் சுற்றிலும் பல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டாரைக் கழற்றிய ஓட்டை வழியாகப் பார்த்தால் நாலைந்து பல்தான் தெரியும். மீதியைப் பார்க்க என்ன செய்வது? வண்டியை டாப் கியரில் போட்டுக் கொஞ்சமாக நகர்த்தினால் பெரிய சக்கரமும் கொஞ்சம் திரும்பும், அடுத்த பற்கள் ஓட்டைக்கு நேராக வரும். அழகான வேலை. ஆனால் வண்டி நகர வேண்டுமென்றால் கல் இருக்கக் கூடாது.

இரண்டு கல்லையும் தூக்கிச் சுவரோரம் வைத்தான். அண்ணியை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொன்னான்.

"நான் பின்னாடி தள்ளுவேன். போதும்னு சொன்னதும் பிரேக்க அமுக்குங்க அண்ணி."

"அமுக்குறதுதான் எனக்கு நல்லா வருமே. உங்க அண்ணன் ஓட்டக் கத்துக் குடுத்தப்போ வண்டிய நகர விட்டதே இல்ல நான். 'இது வண்டியா, வீடா'ன்னு கேட்பாரு."

"ஒரு சாண் போனாப் போதும்."

"ஒரு சாணா? நாளைக்கு நாப்பது கடைக்குப் போகணும் தம்பி. இந்த வேகத்துல போனா ரொட்டி காஞ்சு ரஸ்க்காயிடும்."

அவன் சிரித்தான். எட்டு மாதத்தில் அந்த வீட்டு வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு வெல்டரிடம் சொன்னான்.

தள்ளினான். "போதும்!" பிரேக். கீழே போய்ப் பார்த்தான். மறுபடி தள்ளினான். இப்படி ஏழெட்டு தடவை. ஓரிடத்தில் மட்டும் இரண்டு பல் மழுங்கியிருந்தது. மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது.

இனி மாட்ட வேண்டியதுதான். மாட்டி முடித்ததும் சுற்றிப் பார்க்க வேண்டுமே, அதற்காகக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தான். ஜன்னல் வழியாகக் கையை விட்டு லீவரை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தான். சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். கதவைத் திறந்து மறுபடி ஆட்டினான். கீழே படுப்பதற்கு முன் திரும்ப எழுந்து வந்து மூன்றாவது தடவையும் ஆட்டினான்.

"எத்தனை தடவை தம்பி? கையோட வந்துடப் போகுது," என்றாள் அண்ணி.

"இருக்கட்டும் அண்ணி. கால் பிரேக்லயே இருக்கட்டும்."

அதைப் பழக்கத்தில் சொன்னான். அவன் மனசு முழுக்கக் கியரிலேயே இருந்தது. அதனால் ஒன்று விட்டுப்போயிற்று.

"கல்லு," என்றார் ஆப்பரேட்டர். சிரிக்கவில்லை.

ஆமாம். கல் இரண்டும் சுவரோரம் இருந்தன. வண்டி நியூட்ரலில் சரிவைப் பார்த்து நின்றது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது அண்ணியின் வலது கால் மட்டும்தான். அது அவனுக்குத் தெரியாது. சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே படுத்து, புது மோட்டாரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தான்.

அடியில் படுத்துப் பார்த்திருக்கிறீர்களா? மேலே இருப்பவர்கள் வேறு உலகத்தில் இருப்பது போல இருக்கும். பழைய கிரீஸ், மண், சூடான ரப்பர், எல்லாம் கலந்த ஒரு வாசனை. வெயில் ஒரு கோடு போல ஓரத்தில் நிற்கும். நம் மூச்சு தகரத்தில் பட்டு நம் முகத்துக்கே திரும்பும்.

முதல் போல்ட்டை மாட்டினான். இரண்டாவதைக் கையால் திருகிக்கொண்டிருந்தான். மோட்டாரில் இன்னும் ஒரு வயர்கூட மாட்டவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த வயரும் இல்லை, மெல்லியதும் இல்லை. இரும்பும் செம்பும் சேர்ந்த வெறும் ஒரு கட்டி அது.

அப்போது ஒரு வாசனை வந்தது.

ரொட்டி. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி. எட்டு மாதமாக அந்த வண்டியில் ஒரு துண்டுகூட ஏறவில்லை.

"அன்னிக்கு... கியரை யாரு பார்த்தது?"

கிசுகிசுப்பு. மிகவும் பக்கத்தில் கேட்டது. கியர் லீவர் மேலே போகிற இடத்தில் ரப்பர் கிழிந்து ஒரு ஓட்டை இருந்தது. அண்ணி குனிந்து அந்த ஓட்டை வழியாகக் கேட்கிறாள் என்று நினைத்தான். சாதாரணக் குரலில் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். தொண்டையில் இரண்டு சவ்வுகள் அதிர்கின்றன, ஆளுக்கு ஆள் அந்த அதிர்வு மாறும். கிசுகிசுக்கும்போது அவை அதிராது. வெறும் காற்றுதான் வரும். காற்றுக்கு ஆண் பெண் கிடையாது.

அவன் கேட்காத மாதிரிப் போல்ட்டைத் திருகினான்.

டக்.

அவன் உள்ளங்கைக்குள், மோட்டாரின் முதுகில்... அந்தக் குட்டி உருளை. தண்டு இழுக்கிற சத்தம். கையில் அதிர்வு தெரிந்தது.

"வயர் மாட்டலைன்னு சொன்னீங்களே," என்றாள் அக்கா.

மாட்டவில்லை. அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். துணி சுற்றிய மைனஸ் கேபிள் கண்ணுக்கு நேரே தொங்கியது. ஆடாமல் தொங்கியது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது.

"கியரை யாரு பார்த்தது?"

டக்.

"அப்ப கரண்ட் எங்கிருந்துங்க வந்துச்சு?" ஆப்பரேட்டர் கேட்டார்.

எனக்குத் தெரியாது. முப்பது வருஷமாக மோட்டார்களோடுதான் பிழைப்பு. மோட்டாரைப் பிரித்து, சுருளைச் சுற்றி, எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. கரண்ட் இல்லாமல் காந்தம் இழுக்காது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது தடவை கேள்வி வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. காதுக்குப் பக்கத்தில், ஓட்டை இருந்த பக்கம் இல்லை, மறுபக்கத்தில். கூடவே படுத்திருக்கிற ஒருவர் விடுகிற மாதிரி. பிறகு மோட்டார் சுற்றியது. மெதுவாக, கனமாக, ஒரே ஒரு சுற்று... ர்ர்ரும்... பற்கள் கவ்வி, பெரிய சக்கரம் திரும்பி, மேலே எஞ்சின் ஒரு முறை பெருமூச்சு விட்டு அடங்கியது. அவன் விரல் நுனியில் எண்ணெய் சூடாகப் பட்டது.

அவன் கத்தவில்லை. அழுதான்.

"நான்தான் அண்ணி. நான்தான். நான் தூங்கல. அங்கதான் நின்னுட்டிருந்தேன். பாருடான்னு சொன்னாரு. நான் பார்க்கவே இல்ல... இருக்குன்னு சொல்லிட்டேன். அவர் என்னை நம்பித்தான் தொட்டாரு. அவர் மேல தப்பே இல்ல அண்ணி."

மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ரொட்டி வாசனை போய்விட்டது. பழைய கிரீஸும் மண்ணும் மட்டும் இருந்தன. ஸ்பேனரைப் போட்டுவிட்டு, முதுகு தேயத் தேய வெளியே நகர்ந்தான். கையை ஊன்றி எழுந்து நின்றான்.

அவன் நிமிர்ந்த உடனே வண்டி நகர்ந்தது. ஒரு சாண். அவன் படுத்திருந்த இடத்தின்மேல் சக்கரம் ஏறி, நின்றது. சத்தமே இல்லை.

அப்போதுதான் சுவரோரம் இருந்த கற்களைப் பார்த்தான்.

கண்ணாடி வழியாக அண்ணியின் முகம் தெரிந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டாள்.

அவன் கல்லைக் கொண்டுவந்து வைத்தான். வயர்களை மாட்டினான். பேட்டரியைச் சேர்த்தான். சாவியைக் கொடுத்தான். முதல் திருப்பலிலேயே வண்டி கிளம்பியது. மறுநாள் மூன்றரைக்கு அண்ணி வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவரைத் திட்டுவதை நிறுத்தினாள். பரணிலிருந்து சட்டை மூட்டையை இறக்கித் துவைத்து மடித்து வைத்தாள். சின்னவனுக்கு எப்போதும் போலச் சோறு போட்டாள். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு வருஷம் கழித்து சின்னவன் இதையெல்லாம் வெல்டரிடம் கொட்டினான்.  கடைசியில் நிம்மதியாகப் பேசினான். "அண்ணி கேட்டாங்க, நான் சொல்லிட்டேன். ஒரு வார்த்தை திட்டல. கல்லு இல்லாம வண்டி அவங்க கால்லதான் நின்னிருக்கு. கடைசியில கால் வலிச்சு லேசா விட்டிருப்பாங்க, நான் அதுக்குள்ள எழுந்துட்டேன். நான் சொன்னதைக் கேட்ட அப்புறமும் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்களே... இது அவங்க போட்ட உயிர்ப் பிச்சை."

வெல்டருக்குத் தங்கையை நினைத்துப் பெருமையாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனான். அவள் வாசலில் உட்கார்ந்து ரொட்டித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவன் வீட்டில் இல்லை.

"அவன் எல்லாத்தையும் சொன்னான்மா," என்றான் வெல்டர். "நீ கேட்டது, அவன் ஒத்துக்கிட்டது, எல்லாம். இன்னொருத்தியா இருந்தா அந்த நிமிஷமே பிரேக்க விட்டிருப்பா. உனக்குப் பெரிய மனசு."

அவள் தட்டைக் கழுவுவதை நிறுத்தவில்லை.

"நான் எங்கண்ணா கேட்டேன்?"

"என்னது?"

"நான் வாயே திறக்கல. எஞ்சின் மட்டும் ஒரு தடவை ஆடிச்சு. இவன் கீழ என்னமோ பண்றான்னு நினைச்சேன். அப்புறம் திடீர்னு அழுதுக்கிட்டே 'நான்தான் அண்ணி'ன்னான். கேட்டது யாருன்னு எனக்குத் தெரியாது."

"எப்படியோ... நீ கால எடுக்கலையே. அது போதும்," என்றான்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"எடுத்துட்டேண்ணா."

"என்னம்மா சொல்ற?"

"அவன் சொல்லி முடிச்ச உடனே எடுத்துட்டேன். கல்லு இல்லைன்னு எனக்குத் தெரியும். கண்ணாடியில பார்த்தா சுவத்தோரம் கிடக்குது. தெரிஞ்சுதான் எடுத்தேன். ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல வச்சுக்கிட்டேன். கண்ணை மூடிக்கிட்டேன்."

"வண்டி...?"

"நகரல. குனிஞ்சு பார்த்தேன். பெடல் கீழயே அமுங்கிக் கிடந்துச்சு. அவன் வெளிய வந்து எழுந்து நிக்கிற வரைக்கும் அப்படியே இருந்துச்சு. அப்புறம் வண்டி ஒரு சாண் நகரவும் நான்தான் மறுபடி கால வச்சு நிறுத்தினேன். ஆனா அதுக்கு முன்னாடி பெடல் தானா மேல வந்துச்சு. மெதுவா... அவர் கால எடுக்கிற மாதிரியே."